கூடாரத்தில் இரண்டாவது கட்டில்

— “மெஷினுக்குக் கண்ணு இல்லியா அங்கிள்?” இப்டித்தான சார் கேட்டா எங்க பூமாரி? ஆஸ்பத்திரி வராண்டாவுல, டான்ஸ் டிரெஸ்ஸோட, உங்க சட்டையப் புடிச்சிக்கினு?

— ஆமா. ஆறு வயசுப் பிள்ள. பதினாறு வருசத்துக்கு முன்னால கேட்டத இப்ப எதுக்குடே தோண்டுத?

— நீங்க இன்னா பதில் சொன்னீங்கன்னு எனக்கு இன்னிய வரைக்கும் தெரியாது சார். நான் உள்ள ஆபரேஷன் டேபிள்ல கெடந்தேன். அவளக் கேட்டா ஞாபகம் இல்லன்றா.

— ஞாபகம் இல்லன்னா நல்லதுதான். அத விடு. எழிலு, அந்த ஷட்டர எதுக்கு முழுசா இறக்குத? பகல் மூணு மணிக்குக் கும்மிருட்டா இருக்கு.

— ஆப்பிரிக்காவுலயும் இப்டித்தான் இருக்குமாம் சார். தண்ணிக் குட்டையாண்ட, தரைக்குள்ள ரூம்பு மாரி வெட்டி வெச்சிக்கிறாங்க. நம்ம குரூப்பு ஆறு பேரும் வரிசயா குந்தணும். கண்ணு மட்டத்துல ஒரு சந்து. அதுக்கு அந்தாண்ட யானை வரும், சிங்கம் வரும். நாலு மணி நேரம் இருமக் கூடாது, தும்மக் கூடாது. வர்றதுக்கு முன்னாடியே இருட்டுல உக்காந்து பழகிக்கினு வாங்கன்னு கைடு எழுதிக்கிறாரு.

— பழகதுக்கு தகடு அமுக்குத நம்ம பிரஸ் ஷாப்புதான் கெடச்சுதாக்கும்.

— இத்த வுட்டா எனக்கு ஏது சார்? கம்பெனி மூடி ரெண்டு வருசம் ஆவுது. இம்மாம் பெரிய ஷெட்டுக்கு வாட்ச்மேன் நான் ஒருத்தன். ஒரகடத்துல இதவிட நல்ல இருட்டு எங்க கீது சொல்லுங்க?

— செல்போன செக்யூரிட்டி ரூம்ல வச்சிட்டு வரச் சொன்னயே, அது எதுக்கு?

— சிங்கத்தாண்ட ரிங்டோன் அடிச்சா இன்னா ஆவும்? அதுவும் பழகணும்.

— வீட்டுலேர்ந்து ரூத் கூப்பிடுவா. எடுக்கலன்னா பயந்துருவா. படப்பையில வண்டிய எடுக்கும்போதே வாசல்ல வந்து மறிச்சா கேட்டியா.

— இன்னா சொன்னாங்க மேடம்?

— அது எதுக்கு உனக்கு.

— சொல்லுங்க சார். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

— “மூணு விரலு போனவன், யாரால போச்சோ அந்த ஆளையே கூட்டிக்கிட்டுச் சிங்கம் இருக்குத காட்டுக்குப் போறேங்கான். பத்து நாளு. ஒரே கூடாரம். ஏன்னு கேட்டீங்களா?”ன்னா. கேக்கலன்னேன். “கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க”ன்னா.

— கேட்டீங்களா இப்ப?

— இன்னும் கேக்கல.

— கேக்க மாட்டீங்க. உங்கள எனக்குத் தெரியும். சார், இன்னா அது கையில, ஜல்ஜல்லுன்னு?

— சாவிக் கொத்துடே. வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி.

— குட்டைக்கடியில அந்த சத்தமே மான வெரட்டிடும். அதையும் ரூம்புல வெச்சிட்டு வந்துடுங்களேன்.

— இத மட்டும் நான் எங்கயும் வைக்க மாட்டேன். பையிலயே கெடக்கட்டும், ஆட்ட மாட்டேன்.

— சரி, கம்முனு இருந்தா போதும். தோ இப்டி வாங்க. பாத்து, கீழ ஆயிலு கீது. கையப் புடிங்க.

— நீ எங்க கூட்டிட்டுப் போறன்னு எனக்குத் தெரியும் எழிலு. இருட்டுலயும் என் காலுக்குத் தெரியும். இது நாலாம் நம்பர்.

— அக்காங். நாலாம் நம்பர்தான்.

— வேற எடமே இல்லியா? பதினெட்டு பிரஸ் நிக்கி இங்க.

— வெள்ள ஆந்த இது மேலதான சார் கூடு வெச்சிக்கிது. நான் இன்னா பண்றது? பிரைஸு வாங்கின போட்டோவே இந்த மெஷின் மேல எடுத்ததுதான். ஜட்ஜுங்க கேக்கறாங்களாம், இது எந்தக் கோட்டைன்னு. கோட்டையாம்! துருப்புடிச்ச பிரஸ்ஸுய்யா அதுன்னேன்.

— நல்ல படம்டே அது. பேப்பர்ல பாத்துட்டு ரூத் கிட்டக் காட்டினேன். ரெண்டு கண்ணும் அப்படியே நம்மளப் பாக்கும்.

— அதுக்குத்தான் மொதப் பரிசு, ரெண்டு பேருக்கு சீட்டு. ஜெயிச்சவனும் கூட ஒருத்தரும். மத்த நாலு பேரும் துட்டு கட்டி வர்றவங்க. கோயமுத்தூரு டாக்டரு ஒருத்தரு, அவரு சம்சாரம், பெங்களூருக்காரங்க ரெண்டு பேரு. மீட்டிங் போட்டு ஃபோன்ல பேசினோம். அவங்க கேமரால்லாம் மோட்டார் பம்பு மாரி கீது சார். என்னுது சுங்குவார்சத்திரம் கல்யாண போட்டோகிராபர் வித்துட்டுப் போனது.

— உன் சம்சாரம் மஞ்சுளாவக் கூட்டிட்டுப் போயேன்.

— அவ ஏரோபிளேன் ஏற மாட்டா. தாம்பரம் மேம்பாலத்துலயே கண்ண மூடிக்குவா.

— பூமாரி?

— நர்சிங் கடைசிப் பரீட்ச. அதுவும் இல்லாம நீங்க வர்றீங்கன்னதும் அவ இன்னா சொன்னா தெரியுமா?

— என்ன சொன்னா?

— “போறப்ப ஆறு பேரு. திரும்பறப்ப அஞ்சு பேராத் திரும்புங்கப்பா”ன்னா. தமாஷுக்குத்தான் சார்.

— தமாஷு இல்ல எழிலு. எட்டு வருசம் என் ஸ்கூட்டர்லதான் பள்ளிக்கூடம் போனா. பதினாலு வயசுல ஒருநாள், ஒரகடம் சிக்னல்ல வண்டி நின்னுது. இறங்கினா. “விரல் தின்னி வண்டியில இனிமே வர மாட்டேன்”ன்னா. லாரிக்கு நடுவுலயே நடந்து போயிட்டா. நான் பச்ச விழுந்தும் நிக்கேன், பின்னால எல்லாவனும் ஆரன் அடிக்கான்.

— அந்தப் பேர அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு எனக்குத் தெரியும். கேண்டீன்ல வெச்ச பேரு. நீங்க ஸ்டோருக்கு மாத்தலாகி, கவுண்டர்ல நட்டும் போல்ட்டும் எண்ணிக்கினு இருந்தப்ப, பசங்க க்ளவுஸு கேக்க வருவானுங்க. “விரல் தின்னி சார், அஞ்சு விரலுக்கும் குடுப்பீங்களா, ரெண்டு விரலுக்கா?”ன்னுவானுங்க. நானும் அந்தக் கியூவுல நின்னுக்கிறேன் சார்.

— நீ சிரிக்கல. பாத்தேன்.

— வாயயும் தொறக்கல. அதையும் பாத்தீங்கல்ல?

— சரி விடுடே. வெயில்ல வந்தது மண்ட வலிக்கி. ஃபார்ம எடு, கையெழுத்து போடதா வேண்டாமான்னு பாப்போம். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்னல்லா?

— அஞ்சுக்குள்ள போவலன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிடும். டார்ச் அடிக்கறேன், படிங்க.

— கண்ணாடி கொண்டு வரல. நீ சொல்லு.

— மொத ஷீட்டு, இன்னா கொண்டாறணும்னு கீது. மெத்து மெத்துன்னு பை, பதினஞ்சு கிலோ. சின்ன ஏரோபிளேனாம். மஞ்சக் காய்ச்சல் ஊசி கிண்டியில போட்டுக்கினு கார்டு வாங்கணும். நீலக் கலர், கறுப்புக் கலர் துணி கூடாது, அந்தக் கலருக்கு ஒரு ஈ தேடி வந்து கடிக்கும்.

— நீலமா? நம்ம யூனிஃபாரத்தப் போட்டுட்டுப் போனா முடிஞ்சுது கத.

— ரெண்டாவது ஷீட்டு. வண்டிக்குக் கதவு கெடையாது, மேலயும் தொறந்து கெடக்கும். நடுவுல எழுந்து நிக்கக் கூடாது. உக்காந்துக்கினு இருக்கற வரைக்கும் சிங்கத்துக்கு நாம எல்லாரும் சேந்து ஒரே மிருகம். எழுந்து நின்னா தனி ஆளு.

— தனி ஆளு.

— கூடாரத்துக்கு ஜிப்புதான் பூட்டு. பொழுது போனா நீர்யானை புல்லு மேய வரும், கூடாரத்து ஓரத்துலயே. அவசரம்னா கூட விசில் ஊதணும், காவலாளி வராம கால வெளிய வெக்கக் கூடாது. போன வருசம் ஒரு ஆளு செருப்ப வெளிய வுட்டுட்டான்னு எடுக்கப் போனானாம்.

— அப்புறம்?

— அப்பால இன்னான்னு எழுதல சார். அதோட நிறுத்திட்டாரு.

— கர்த்தாவே. யாருடே அந்தக் கைடு?

— பேரு மோசஸ்.

— மோசஸா? அப்ப வேதாகமத்து மோசே மாதிரி நாப்பது வருசம் காட்டுல சுத்த வச்சிட்டுத்தான் விடுவான்.

— தோ, சிரிச்சிட்டீங்க. மூணாவது ஷீட்டுதான் சார் கையெழுத்து. மிருகம் அடிச்சோ, ஆத்துல முதலை இழுத்தோ உயிர் போச்சின்னா யாரும் பொறுப்பில்ல. உங்க வாரிசுக்கும் கேக்க உரிமை இல்ல.

— யாரும் பொறுப்பில்ல.

— கீழ இன்னொன்னு. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. ஜோடி “குனி”ன்னா ஏன்னு கேக்காம குனியணும், “ஓடாதே”ன்னா நிக்கணும். “இவரை நம்பி என் உயிரைக் குடுக்கிறேன்”னு பேரு எழுதணும். என் ஃபார்ம்ல உங்க பேர, கிறிஸ்துதாஸ்னு எழுதிட்டேன் சார். உங்க ஃபார்ம்ல கோடு காலியா கீது.

— எனக்கு ஒரு சங்கடம் இருக்கு எழிலு. நான் தூக்கத்துல பேசுவேன். ரூத்தக் கேட்டா சொல்லுவா. பத்து ராத்திரி ஒரே கூடாரத்துல, மூணு அடி தள்ளி உன் கட்டிலு. என் வாயி என்ன உளறும்னு எனக்கே தெரியாது.

— இன்னா உளறுவீங்க?

— தெரிஞ்சா உளறலாடே அது? ஆமா, அது என்ன சத்தம்?

— எது?

— மேல. உஸ்ஸு உஸ்ஸுன்னு. பிரஸ்ல காத்து ஏறுத மாதிரி.

— அக்காங், கேக்குது.

— எழிலு, இதுல கரண்ட் இருக்கா?

— பழைய மெஷின் வாங்கறவங்க நாளைக்கு வர்றாங்க. ஓட்டிக் காட்டணும்னு எலக்ட்ரீசியன் நேத்தே லைன் குடுத்துட்டுப் போனாரு. குந்துங்க சார். என் ஸ்டூலுதான்.

— உன் ஸ்டூல்ல நான் எப்படி...

— குந்துங்க. எதிர்ல கீது பாருங்க, தகடு அமுக்கற அச்சு, டை வெக்கற எடம். அதான் நமக்குக் குட்டைச் சந்துன்னு நெனச்சிக்குங்க. இந்தாங்க, இது பையி. வண்டியில கேமராவுக்குக் கீழ வெக்கறது, உள்ள அரிசி. மஞ்சுளா தெச்சா.

— ரெண்டு பை இருக்கு?

— ஒண்ணு உங்களுக்கு. யாருக்குன்னு அவளாண்ட சொல்லல.

— நல்லா அழுத்தமாத் தச்சிருக்கா.

— என் வலது கையில கட்ட விரலும் சுண்டு விரலும்தான். கேமராவுல எல்லா பட்டனும் வலது பக்கம். இடது கையில ஒயர் பட்டன் புடிச்சி அமுக்கிடுவேன். ஆனா வண்டி குலுங்கறப்ப லென்ஸ ஒருத்தர் தாங்கிக்கணும், கார்டு மாத்திக் குடுக்கணும். அதான் ஜோடியோட வேல. மொதல்ல பைய வெக்கப் பழகுங்க. உள்ள கைய வுட்டு, நடுவுல வையுங்க.

— உள்ளயா?

— உள்ளதான்.

— நீ வையேன்.

— என் கை ஒருவாட்டி போயிட்டு வந்துடிச்சி சார்.

— இரு, சட்டக் கையச் சுருட்டிக்கிடுதேன்.

— இன்னா சார், வேர்க்குது? டார்ச்ச அணைச்சுடவா?

— அணைச்சிரு. இந்தா. வச்சிட்டேன்.

— கையயும் அங்கயே வெச்சிக்குங்க. எடுக்காதீங்க. கேமரா குட்டைய எட்டிப் பாக்கற வரைக்கும் பைய அழுத்திப் புடிக்கணும். சார், நீங்க அன்னிக்கி என்கொயரியில எழுதிக் குடுத்தத ஒருவாட்டி சொல்லுங்களேன்.

— இப்பயா? கைய உள்ள வச்சிக்கிட்டா?

— அப்டியே.

— எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான். உனக்கே தெரியும்லா.

— அப்ப நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. மெஷினுக்கு முன்னாடி ரெண்டு கம்பம், நடுவுல வெளிச்சம் ஓடும். சென்சாரு. கை உள்ள இருந்தா மெஷின் எறங்காது. பூமாரி கேட்டாளே கண்ணுன்னு, அதான் கண்ணு. டை மாத்தறப்ப மட்டும் சாவி போட்டு அத்த அணைக்கணும். சாவி சூப்பர்வைசராண்ட மட்டும்தான். முந்தின நாளு நீங்க டை மாத்தினீங்க. சென்சாரத் திருப்பி வுட மறந்துட்டுப் போயிட்டீங்க. மறுநாளு நான் கைய வெச்சேன். இதான?

— இதத்தான் எழுதினேன்.

— ஏன் சார் கைய வெச்சீங்க?

— நீதானடே வைக்கச் சொன்ன.

— கரண்ட் கீதுன்னு சொன்னேன். ஷட்டரும் எறக்கிட்டேன், போனும் இல்ல. விரல் போனவன் நானு. மேடம் அம்மாம் சொல்லிக்கிறாங்க. ஏன் வெச்சீங்க?

— பயந்துதான் வச்சேன்.

— அப்பால?

— எழிலு, உன் மனசுல அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னா, அது எங்கயோ கண்காணாத காட்டுல நடக்கதுக்கு இங்கயே நடந்துரட்டும். ரூத்துக்கு என் உடம்பாவது முழுசாக் கெடைக்கும். நம்ம சர்ச்சுத் தோட்டத்துல எடமும் இருக்கு. அப்படி ஒண்ணும் இல்லன்னா, நீ நம்பிக் கூப்பிட்டதுக்கு நான் நம்பி வச்சேன்னு இருக்கும். ரெண்டுல எது ஆனாலும் கைய எடுக்கதுல எனக்கு லாபம் இல்ல.

— ஐயோ சார். எடுங்க. எடுங்க கைய! மெஷின் ஓடாது சார். பியூஸ காலையிலயே புடுங்கிட்டேன், தோ என் பாக்கெட்டுல கீது, தொட்டுப் பாருங்க. அந்த சத்தம் ஆந்தக் குஞ்சுங்க. பசிச்சா அப்டித்தான் உஸ்ஸு உஸ்ஸுன்னுங்க.

— குஞ்சுகளா? எத்தன?

— மூணு. சார், அழுவறீங்களா?

— இல்லடே. கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடுதேன். சொல்லு. எதுக்கு இவ்வளவும்?

— கேமராவுல பேட்டரியும் இல்ல சார். ஒரு ஆளு கேக்கக் கூடாது, ஒரு மெஷினு பதிவு பண்ணக் கூடாதுன்னுதான் ஷட்டர எறக்கினேன். உங்கள இங்க குந்த வெச்சி, நீங்க எழுதினத உங்க வாயால கேட்டுட்டு, அப்பால சொல்லிடலாம்னு நெனச்சேன். நீங்க பாட்டுக்குக் கைய வுட்டீங்க பாருங்க, அப்பவே என் நெஞ்சு போயிடிச்சி. சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க. ஃபார்மும் போவும். போவட்டும்.

— சொல்லு.

— நீங்க மறக்கல சார்.

— எத?

— மறுநாளு காலையில நான் ஷிப்டு ஏறினப்ப இந்தக் கம்பத்துல பச்ச லைட்டு எரிஞ்சிது. ரெண்டு கண்ணால பாத்தேன். நீங்க சென்சாரத் திருப்பி வுட்டுட்டுத்தான் வூட்டுக்குப் போனீங்க.

— அப்புறம் யாரு அணைச்சா?

— நான்தான் சார். என்னாண்ட டூப்ளிகேட் சாவி இருந்துச்சு. ஒருநாளு டை மாத்தச் சொல்ல நீங்க சாவிய மெஷின்லயே வுட்டுட்டு டீ குடிக்கப் போனீங்க. கை கழுவுற சோப்புல அச்சு எடுத்துக்கினு, படப்பை பஸ் ஸ்டாண்டாண்ட சாவிக் கடையில குடுத்து அறுத்தேன். சென்சார் இல்லன்னா பீஸுக்கு ரெண்டு செகண்டு மிச்சம். அன்னிக்கி பூமாரி ஸ்கூல்ல ஆண்டு விழா, அவ டான்ஸு. டார்கெட்ட மூணு மணிக்குள்ள முடிச்சாத்தான் அனுப்புவேன்னாங்க ஆபீஸ்ல. எப்டினா போயி அவள மேடையில பாத்துடணும்னு... கைய வெளிய எடுக்கறதுக்குள்ள...

— மெதுவாச் சொல்லுடே. தண்ணி இருக்கா?

— வேணாம் சார், சொல்லிடறேன். என்கொயரியில நீங்க எழுந்து “என் தப்பு, நான் மறந்துட்டேன்”ன்னீங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. பாவம், மனுசன் மெய்யாலுமே மறந்துட்டதா நெனச்சிக்கினு கீறாருன்னு புரிஞ்சுது. ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். டூப்ளிகேட்டுன்னு சொன்னா அன்னிக்கே வேல போயிருக்கும். கையும் இல்ல, வேலயும் இல்லன்னா புள்ளய வெச்சிக்கினு நான் எங்க போவேன்? கம்முனு இருந்துட்டேன். நீங்க ஸ்டோருக்குப் போனீங்க, பிரமோஷன் போச்சி, பேரு போச்சி. என் வூட்டு வாசல்ல டெய்லி ஸ்கூட்டர நிறுத்தி ஆரன் அடிச்சீங்க. ஒவ்வொரு ஆரனுக்கும் நான் உள்ள செத்துக்கினு இருந்தேன்.

— மஞ்சுளாவுக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். “இவரை நம்பி உயிரைக் குடுக்கிறேன்”னு நீங்க என் பேர எழுதணும் சார். பொய்ய வெச்சிக்கினு நான் எப்டி அந்தக் கோட்ட நீட்டறது? அந்த சாவி வேற. இன்ன வரைக்கும் ராத்திரி முழிச்சிக்கினா அதான் நெனப்பு.

— சாவிக்கு என்ன?

— காணோம் சார். மெஷின்லயே வுட்டுட்டேன். தையல் பிரிச்சதும் வந்து தேடினேன். மெஷினுக்கடியில, ஸ்கிராப் தொட்டியில, எங்கயும் இல்ல. என் பைக் சாவியும் அதும் ஒரே மாரி இருந்ததால, மாறிடக் கூடாதுன்னு அது தலையில நகப்பாலிஷு பூசி வெச்சிருந்தேன். செவப்பு. பாத்தா டக்குனு தெரியும். எவனோ எடுத்து வெச்சிக்கினு கீறான், என்னிக்கினா ஒருநாளு நீட்டுவான்னு பதினாறு வருசமா... சார், எழுந்துட்டீங்களா? போறீங்களா?

— ஷட்டர ஒரு சாண் தூக்கு. வெளிச்சம் வேணும்.

— சரி சார். பாத்துப் போங்க. ஸ்கூட்டர் வரைக்கும் வர்றேன்.

— போறேன்னு எவன்டே சொன்னான்? பேனா கொடு. கோடு எங்க இருக்கு?

— சார்?

— ஜோடி பேரு எழுதுத கோடு. இதுவா? எ, ழி, ல, ர, ச, ன்... இன்ஷியல் என்ன?

— வெ. வெங்கடேசன் எழிலரசன். சார், நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிதா? உங்களுக்குக் கோவமே வரலியா? நான் பூமாரியாண்ட சொல்லிடறேன், கம்பெனி ஆளுங்க இருக்கற வாட்சப் குரூப்புல போடறேன், உங்க பேர...

— குரூப்புல ஒண்ணும் போடாண்டாம். விரல் தின்னின்னு சொன்னவன்ல பாதிப் பேரு ஊருக்கே போயிட்டான். பூமாரிட்ட சொல்லணுமான்னு நீ உன் சாமிட்டக் கேட்டுக்க. எனக்குச் சொல்ல வேண்டியத நீ சொல்லிட்ட. அது போதும்டே. இனி நான் கூடாரத்துல நிம்மதியாத் தூங்குவேன். உளறினாலும் பரவால்ல.

— புரியல சார்.

— பூமாரிட்ட நான் என்ன பதில் சொன்னேன்னு கேட்டியே. “கண்ணு இருந்துச்சு பாப்பா, அங்கிள்தான் மூடிட்டேன்”ன்னேன். என்னயே பாத்தா. அப்புறம் என் கையத் தடவிக் கொடுத்தா, எனக்கு அடிபட்ட மாதிரி.

— அப்பவே அப்டி நெனச்சிட்டீங்களே சார். அப்பவே நான் வந்து...

— உன் கைய நீட்டு. இடது கை.

— எதுக்கு சார்? கொத்திலேர்ந்து இன்னா கழட்டறீங்க? இது... சாவி. தலையில... சார். சார், இது உங்களாண்ட எப்டி?

— உன்ன வண்டியில ஏத்தி அனுப்பிட்டு வந்து பாத்தேன், மெஷின்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு, என் சாவி என் பையிலயே கெடக்கு. என்கொயரியில கொடுக்கணும்னுதான் உருவிப் பையில போட்டேன், கொடுக்க முடியல. ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ள என் சட்டையப் புடிச்சுக் கேக்கும்போது குனிஞ்சு பாத்தேன்டே, பத்து நகத்துலயும் இதே சிவப்பு.